வீடு வாசல்: போருக்கு முந்தின வீடு

போன இதழில், நியூயார்க்கில் மகன் குடியிருந்த பழைய அடுக்குமாடி வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்ததைப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே அந்த வகை வீட்டுக்குப் பத்திரமே கிடையாது என்று இன்னொரு வரி. அந்த இரண்டு வரிக்கும் வந்த கடிதங்கள்தான் இந்த இதழின் பெரும்பகுதி. நான் பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள், வக்கீல் இல்லை. அமெரிக்கச் சட்டம் பற்றி நான் சொல்வதை அங்குள்ள வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். சுவர், குழாய், கூரை பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா, வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மகள், மருமகன், மூன்று வயதுப் பேரன் மூவரும் மன்ஹாட்டனில் வாடகைக்கு இருக்கிறார்கள். மகள் இப்போது ஒரு வீட்டைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டாள். விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். 'போருக்கு முந்தைய விசாலமான வீடு, கிளாசிக் சிக்ஸ், ஒன்பதரை அடி உயரம், ஃபுல் சர்வீஸ் கட்டடம், 24 மணி நேரமும் டோர்மேன்' என்று போட்டிருக்கிறது. 1927-இல் கட்டியதாம். எந்தப் போர்? நூறு வருஷத்துக் கட்டடத்தைக் கோடிகளைக் கொட்டி வாங்கலாமா? அண்ணாநகரில் நாங்கள் இருக்கும் வீட்டை விற்று உதவலாமா என்று இவர் கேட்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அண்ணாநகர், மதுரை

பதில்: டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்றைக்காவது தூங்குங்கள். குடியிருக்கிற வீட்டை விற்காதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் கணக்கோடு சொல்கிறேன்.

போர் என்றால் இரண்டாம் உலகப் போர். 1940 வாக்கில் போர் வந்து கட்டுமானம் நிற்பதற்கு முன்பு கட்டிய குடியிருப்புகளைத்தான் அங்கே 'பிரீ-வார்' என்கிறார்கள். 1920-களில் அந்தக் கட்டுமானம் உச்சத்தில் இருந்தது. 1929-இல் பங்குச் சந்தை விழுந்ததும் படுத்துவிட்டது. போருக்குப் பின் கட்டியவற்றில் பெரும்பாலும் கூரை தாழ்ந்தது, சுவர் மெலிந்தது, அறைகள் சுருங்கின. அதனால்தான் பழசு என்பதை இன்றும் விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். சென்ட்ரல் பார்க்கை ஒட்டிய டகோட்டா என்ற கட்டடம் 1884-இல் முடிந்தது. அதே சாலையில் எமரி ராத் வடிவமைத்த இரட்டைக் கோபுர சான் ரீமோ 1930-இல் வந்தது. இரண்டிலும் இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நம் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறந்தது. அதன் மேல் பஸ்ஸில் போகும்போது நாம் பயப்படுகிறோமா? வயசை வைத்து மட்டும் எந்தக் கட்டடத்தையும் தள்ளவும் கூடாது, கொள்ளவும் கூடாது.

மகன் வாடகைக்கு இருந்தது வெஸ்ட் எண்ட் அவென்யூவில், 1926-இல் கட்டிய கட்டடத்தில், ஏழாவது மாடி. போன மறுநாள் மீனாட்சியம்மன் காலண்டரை மாட்ட ஆணி அடிக்கப் போனேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது இறங்கியது, ஆனால் சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே பார்த்தால், சுட்ட மண்ணில் செய்த உள்கூடான கட்டி, அதன் மேல் ஒரு அங்குலம் கனத்துக்குப் பூச்சு. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். நம்மூர்ச் செங்கல் சுவர் மாதிரி 'தொம்'மென்று நின்றது. இப்போது அங்கே கட்டுகிற புது வீடுகளில் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி கேட்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தினமும் பியானோ வாசிப்பாராம். ஐந்து மாதத்தில் ஒரு நாள் கூட எனக்குக் கேட்டதில்லை.

'கிளாசிக் சிக்ஸ்' என்றால் ஆறு அறை. கூடம், தனியாகச் சாப்பாட்டு அறை, சமையலறை, படுக்கையறை இரண்டு, ஆறாவதாகச் சமையலறையை ஒட்டி வேலைக்காரிக்கென்று ஒரு சின்ன அறை. குளியலறை கணக்கில் வராது. அந்த ஆறாவது அறையில்தான் நான் படுத்திருந்தேன். கட்டில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கலாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். வீட்டின் மற்ற ஜன்னல்களில் தெருவும் மரமும் தெரியும்போது, இந்த ஒன்றுக்கு மட்டும் வெளிச்சம் மேலே ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். 1926-இல் அங்கே படுத்த பெண் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தாளோ, ராத்திரி அவளும் இந்தச் சுவரைத்தானே பார்த்தாள் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் மகள் அந்த அறையில்தான் உங்களைத் தங்க வைப்பாள். படத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபுல் சர்வீஸ் என்பதற்கு வருகிறேன். வாசலில் மூன்று ஷிப்டாக டோர்மேன், குப்பை எடுக்கவும் கூட்டித் துடைக்கவும் போர்ட்டர்கள், எல்லோருக்கும் மேலே கட்டடத்திலேயே குடியிருக்கும் 'சூப்பர்'. நம்மூர் வாட்ச்மேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன், மேனேஜர் நால்வரையும் ஒரே ஆளாக்கினால் எப்படியோ அவர் அப்படி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அந்த வீடுகளில் குளிருக்கு நீராவி. அடித்தளத்தில் பாய்லர், அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஆவி ஏறும், ஜன்னலடியில் இரும்பு ரேடியேட்டர் சுடும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை கட்டடக்காரர்கள் சூடு தந்தாக வேண்டும். பகலில் வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே 20 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். நான் இருந்த அறையின் ரேடியேட்டர் விடிகாலை நாலு மணிக்குச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி 'டங், டங்' என்று அடிக்கும். ஒரு வாரம் பொறுத்துவிட்டு மகனிடம் சொன்னேன். சூப்பர் வந்தார். அறுபது வயசிருக்கும். ரேடியேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ரசமட்டத்தை அதன் தலையில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக நகர்ந்தது. பையிலிருந்து ஒரு சின்ன மரச்சில்லை எடுத்துக் கடைசிக் காலுக்கு அடியில் செருகினார். அவ்வளவுதான். ஆவி குளிர்ந்து தண்ணீரானால் வந்த குழாய் வழியே திரும்பி வடிய வேண்டும். வாட்டம் தவறினால் தண்ணீர் தேங்கும், அடுத்து வருகிற ஆவி அந்தத் தண்ணீரைத் தூக்கி அடிக்கும், அந்தச் சத்தம்தான் அது. மறுநாள் காலை சத்தமே இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் நான் கூட வேலை பார்த்த நல்ல மேஸ்திரிகள் அத்தனை பேரும் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தார்கள். பழைய கட்டடத்தின் உயிர் இந்த மாதிரி ஆள் கையில் இருக்கிறது. அதனால் உங்கள் மகள் தரகரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "சூப்பர் எத்தனை வருஷமாக இருக்கிறார்?"

இனி, பார்க்க வேண்டியவை. மூன்று வயதுப் பேரன் இருப்பதால் பெயின்ட்தான் எனக்கு முதல் கவலை. நியூயார்க் நகரம் குடியிருப்புகளில் ஈயம் கலந்த பெயின்ட்டை 1960-இல்தான் தடை செய்தது. அதற்கு முந்தின கட்டடத்தில் மேல்பூச்சுக்கு அடியில் அது இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் சட்டம் உரசுகிற இடத்தில் தூளாகி விழும், குழந்தை கையை வாயில் வைக்கும். பரிசோதனை செய்யாமல் பேரனை உள்ளே விடாதீர்கள் டீச்சர், இதில் சமாதானமே கூடாது. அடுத்தது மின்சாரம். அந்தக் காலத்தில் விளக்கும் ரேடியோவும் ஓடினால் போதும் என்று இழுத்த வயர். வீட்டுக்கு எத்தனை ஆம்பியர் வருகிறது, வயர் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்கணும். பழைய குழாய் தாங்காது என்று வாஷிங் மெஷின் வைக்கவே அனுமதிக்காத கட்டடங்கள் நிறைய. அடித்தளத்துப் பொதுச் சலவை அறைக்குத்தான் போகணும். சமையலறையைப் பெரிதாக்கலாம் என்று மகள் கனவு கண்டால், கீழ்வீட்டுக்காரர் கூடத்துக்கோ படுக்கையறைக்கோ மேலே உங்கள் தண்ணீர்ப் புழக்கம் வர விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள்.

வெளிச்சுவரை மறந்துவிடாதீர்கள். 1979-இல் ஒரு கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு பட்டு, கீழே நடந்துபோன கல்லூரி மாணவி ஒருத்தி இறந்துபோனாள். மறுவருஷமே சட்டம் வந்தது. இன்று ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் எல்லாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதித்து நகரத்துக்கு அறிக்கை தரவேண்டும். குறை இருந்தால் நடைபாதைக்கு மேலே பந்தல் மாதிரி சாரம் கட்டி வேலை நடக்கும். நான் நடந்த தெருக்களில் பாதி அந்தப் பந்தலுக்கு அடியில்தான். அந்தச் செலவு எல்லா வீட்டுக்காரர் தலையிலும் விழும். பாய்லருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் விடும் கரியமில வாயுவுக்கு 2019-இல் சட்டம் போட்டு, 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2030-இல் அது இன்னும் இறுகும். எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் என்றால் பெரிய செலவு வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் இடம் இருக்கிறது, நீங்களும் சாரும் தனித்தனியாக. ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும். அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. விற்ற பணத்தில் இன்னொரு வீடு வாங்கினால் கிடைக்கிற விலக்கு, நீங்களே இந்தியாவுக்குள் வாங்கினால்தான். மகள் அமெரிக்காவில் வாங்குவதற்குக் கிடையாது. அங்கே மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டுப் பெற்றோரிடமிருந்து ஒரு வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அந்த நாட்டு வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வரி இல்லை, தெரிவிக்காவிட்டால் அபராதம் கடுமை. வீட்டு விலை பத்து லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் குறைந்தது 1 சதவீதம் 'மேன்ஷன் வரி' வேறு கட்ட வேண்டும்.

இத்தனைக்கும் மேல் மாதாமாதம் பராமரிப்புத் தொகை. கடன் தீர்ந்தாலும் அது தீராது. மகளும் மருமகனும் தங்கள் சம்பளத்தில் தாங்க முடிகிற வீடு என்றால் வாங்கட்டும், உங்கள் சேமிப்பில் முடிந்ததைக் கொடுங்கள். அண்ணாநகர் வீடு உங்கள் இருவரின் முதுமைக்கு. மகள் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே பத்திரமே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். நான் நாற்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். பத்திரம் இல்லாமல் வீடு எப்படிக் கைமாறும்? ஏமாற்று வேலை இல்லையா?
– பத்திர எழுத்தர், மேலூர்

பதில்: ஐயா, ஏமாற்று இல்லை. ஆனால் நீங்கள் திடுக்கிட்டது நியாயம், நானும் முதலில் திடுக்கிட்டேன். அங்கே 'கண்டோ' என்று ஒரு வகை உண்டு. அதற்கு நம்மூர் ஃபிளாட் போலவே தனிப் பத்திரம் பதிவாகும். பழைய பெரிய கட்டடங்களில் பெரும்பாலானவை 'கோ-ஆப்' என்ற இன்னொரு வகை. நிலமும் கட்டடமும் முழுக்க ஒரு கம்பெனியின் பெயரில். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகள். பத்தாயிரம் பங்குள்ள கட்டடத்தில் இந்த வீட்டுக்கு இருநூற்றைம்பது பங்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். மாடியும் அளவும் வெளிச்சமும் பார்த்து எண்ணிக்கை மாறும். அந்தப் பங்குகளோடு, இன்ன வீட்டில் குடியிருக்க உரிமை என்று ஒரு நீண்டகாலக் குத்தகைச் சீட்டு கொடுப்பார்கள். பங்குச் சான்றும் குத்தகையும், இரண்டு காகிதம்தான். நம்மூரில் யு.டி.எஸ். என்று பிரிபடாத பாகத்தை நீங்கள் சதுர அடியில் எழுதுகிறீர்களே, அங்கே மண்ணில் ஒரு பிடி கூட ஆள் பெயரில் வராது.

வில்லங்கம் பார்ப்பதும் வேறு மாதிரி. கம்பெனியே கட்டடத்தின் மேல் கடன் வாங்கியிருக்கும். அந்த வட்டியும், சொத்து வரியும், ஊழியர் சம்பளமும், சூடும், சுடுதண்ணீரும் எல்லாம் சேர்ந்துதான் மாதப் பராமரிப்பு, பங்கு எண்ணிக்கைப்படி. ஆகவே வக்கீல் கம்பெனியின் இரண்டு வருஷத் தணிக்கைக் கணக்கையும், நிர்வாகக் குழுக் கூட்டங்களின் குறிப்புப் புத்தகத்தையும் வாங்கிப் படிப்பார். எட்டாவது மாடியில் ஒழுக்கு, லிஃப்ட் மாற்ற வேண்டும், பணம் போதவில்லை, எல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். நிலமே இன்னொருத்தருடையது, கட்டடம் மட்டும் குத்தகை மண்ணில் நிற்கிறது என்ற கேஸும் உண்டு. விலை சல்லிசாகத் தெரிந்தால் அதை முதலில் பார்க்கணும்.

விலை பேசி முடித்தாலும் நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, நற்சான்றுக் கடிதங்கள் எல்லாம் கட்டாகக் கொடுத்து நேர்காணலுக்கு உட்கார வேண்டும். வாடகைக்கு வந்த என் மகனையும் மருமகளையுமே மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். மருமகள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே மறுக்கலாம். இனம், நிறம், மதம் பார்த்து மறுப்பது சட்டவிரோதம். ஆனால் காரணமே சொல்ல வேண்டாம் என்றால் எதைக் காட்டி நிரூபிப்பது? சேர்ந்து வாழப்போகிறவர்கள் கணக்கு வழக்கைப் பார்ப்பது சரி. வாய் திறக்காமல் கதவை மூடுவது அநியாயம், அதை எந்த ஊரில் செய்தாலும் நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: மேடம், கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிறேன். மதுரையின் நடுவில், மாசி வீதிகளில், அந்த மாதிரி உயரமான பழைய அடுக்குமாடி ஒன்றுகூட இல்லையே, ஏன்?
– மாணவர், நரிமேடு

பதில்: தம்பி, பழைய மதுரையில் வீடு நெடுக்கில் வளர்ந்தது. தெருவில் பத்தடி வாசல், உள்ளே போனால் ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அடுத்த சந்து வரை போகும். லிஃப்ட் வந்த பிறகும் மேலே எழும்ப வழியில்லை. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பது விதி. தெற்குக் கோபுரம் நூற்றெழுபது அடி. ஏதாவது மொட்டை மாடியில் ஏறி நின்று பார், அந்த விதி எதற்கென்று கண்ணே சொல்லும். மீறிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அங்கிருந்து தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: அக்கா, தெற்கு மாசி வீதிப் பக்கம் எங்கள் மாமனார் காலத்து வீடு, எண்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. முன்கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்ததால் மூன்று வருஷம் முன்னால் பழசைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, நல்ல கம்பெனி பெயின்ட்டும் அடித்தோம். இப்போது இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறி உப்புப் பூக்கிறது. முன்னே முழங்கால் அளவுதான் இருந்தது. வீட்டை இடித்துவிடலாம் என்கிறார் கொழுந்தன்.
– இல்லத்தரசி, தெற்கு மாசி வீதி

பதில்: கொழுந்தனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா. சுவர் மேல் குற்றமில்லை, சிமென்ட் மேல்தான்.

உங்கள் சுவர் சுண்ணாம்பில் கட்டினது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு அப்படியே வெளியே விட்டுவிடும், வெயிலில் காயும், மழைக்காலத்தில் கொஞ்சம் பூக்கும், வெள்ளையடித்தால் போய்விடும். சிமென்ட் மூச்சுவிடாது. அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் என்றால் ரெயின்கோட்டுக்கு மேல் இன்னொரு ரெயின்கோட். வெளியே வர வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. முழங்கால் இடுப்பானது அப்படித்தான். நியூயார்க்கிலும் இதே தப்பைச் செய்து பட்டிருக்கிறார்கள். பழைய மெத்துச் செங்கல்லுக்கு நடுவில் கெட்டி சிமென்ட்டால் இணைப்புப் பூசப்போய், செங்கல் முகமே உரிந்து விழுந்த சுவர்களைப் பார்த்தேன்.

சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுங்கள், ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலே இன்னும் இரண்டடி சேர்த்து. மெதுவாக உளியால், பிரேக்கர் மெஷினை உள்ளே விடாதீர்கள், பழைய செங்கல் நொறுங்கிவிடும். சுவரைத் திறந்தபடி ஒரு வெயில் காலம் காயவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பரவாயில்லை. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து முறத்தில் பிடியுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போகும். அப்புறம் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் ஒன்றுக்கு மூன்று மணல் போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் குழைத்துப் பூசணும். செட்டிநாட்டுப் பக்கம் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள். மேலே வெள்ளையடிப்பது மட்டும், வேறு எதுவும் வேண்டாம்.

நம் திருமலை நாயக்கர் மஹால் 1636-இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த மெருகு. பாழாய்க் கிடந்ததை 1866-இலிருந்து 1872 வரை அன்றைய சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு செப்பனிட வைத்தார். ஒரு நாள் சாயங்காலம் போய் அந்தத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பைபாஸ் ரோட்டுப் பக்கம் 32 வீடுள்ள அபார்ட்மென்ட்டில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பராமரிப்பு மாதம் 1,500 ரூபாய். 2,200 ஆக்கலாம் என்றால் கூட்டத்தில் சண்டை. 'நாங்கள் லிஃப்டே ஏறுவதில்லை' என்கிறார்கள் முதல் மாடிக்காரர்கள். எப்படிச் சமாளிப்பது?
– சங்கச் செயலாளர், பைபாஸ் ரோடு

பதில்: செயலாளர் சார், கூட்டத்தில் படித்துக்காட்டுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கே.புதூரில் நாங்கள் நாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கினது 2009-இல். கட்டினவர் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் எல்லாம் இருந்தது, 24 மணி நேரக் காவல், ஜெனரேட்டர், தானியங்கி லிஃப்ட். வீட்டுக்கு 40,000 ரூபாய் கார்பஸ், அதாவது பின்னால் வரும் பெரிய செலவுக்கான வைப்பு நிதி, என்று வாங்கிக்கொண்டார். சங்கத்திடம் அதைக் கடைசிவரை ஒப்படைக்கவே இல்லை. மாதம் 600 ரூபாய் போதும் என்று நாங்களும் சந்தோஷமாக இருந்தோம். லிஃப்ட் கம்பெனிக்கு வருஷ ஒப்பந்தம் புதுப்பிக்கப் பணம் பத்தவில்லை, 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று கூட்டத்தில் தீர்மானம். கை தூக்கினவர்களில் நானும் ஒருத்தி, இன்ஜினியர்.

2013 ஜூன், ராத்திரி பதினொன்றரை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி, வேர்த்துக் கொட்டுகிறது. கரன்ட் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. கரன்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கிற பேட்டரி செத்து மாசக்கணக்காகியிருந்தது, அதனால் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பால்கனியில் கிடந்த பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, துண்டால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். வாட்ச்மேன் அண்ணன், பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர், நாலாவது ஆள் 'நான் லிஃப்டே ஏறுவதில்லை, எதற்குப் பணம்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிற முதல் மாடிக்காரர். படிக்கட்டு திரும்புகிற இடத்திலெல்லாம் நாற்காலியைச் சாய்க்கணும். சாய்க்கும்போதெல்லாம் நாற்காலிக் காலில் 'கிரீச்' என்று ஒரு சத்தம், எங்கே ஒடிகிறதோ என்று நான் செல்போன் வெளிச்சத்தைக் கீழே பிடித்துக்கொண்டே வந்தேன். கீழே வர ஒன்பது நிமிஷம். அவர் பிழைத்துக்கொண்டார், இப்போது பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்தில் 600 ரூபாயை 1,800 ஆக்கலாம் என்று எழுந்து சொன்னது அந்த முதல் மாடிக்காரர்தான்.

இனி உங்கள் கணக்கு. 32 வீட்டுக்கு 1,500 என்றால் மாதம் 48,000. வாட்ச்மேன் இரண்டு ஷிப்ட், துப்புரவுப் பணியாளர், பொது மின்சாரம், மோட்டார், லிஃப்ட் ஒப்பந்தம் எல்லாம் போக மிச்சம் நிற்காது. 2,200 ஆனால் மாதம் 22,400 கூடும். அந்தத் தொகையைச் செலவில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். மூன்று வருஷத்தில் 8 லட்சம் தாண்டும். லிஃப்ட் கயிறு, மொட்டை மாடித் தளம், தண்ணீர்த் தொட்டி, வெளிப் பெயின்ட் எந்த வருஷம் எது வரும் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பணம் எங்கே போகும் என்று தெரிந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். கட்டினவரிடம் கார்பஸ் நின்றிருந்தால், சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். நாங்கள் வாயால் கேட்டே நாலு வருஷத்தை விட்டோம். 2022-ஆம் வருஷத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் சங்கத்துக்கு என்னென்ன அதிகாரம் என்று ஒரு வக்கீலை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விளக்கச் சொல்லுங்கள்.

வாட்ச்மேன் சம்பளத்தில் மட்டும் கைவைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த ஊரில் டோர்மேன்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, விடுப்பு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. மகன் இருந்த கட்டடத்தில் ஒருவர் இருபத்திரண்டு வருஷமாக அதே வாசலில் நின்றார், என் முழங்கால் வலியைப் பார்த்து மூன்றாம் நாளே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்தார். எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு அன்றைக்கு மாதம் 5,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். நாற்காலியின் முன்காலைப் பிடித்துப் பின்புறமாகவே நாலு மாடி இறங்கினவர் அவர்.

சார், இன்று மாலை வீட்டுக்குப் போனதும் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற அட்டையைப் பாருங்கள், கடைசியாக சர்வீஸ் செய்த தேதி இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு மெயினை இறக்கி, அந்தப் பேட்டரி லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆள் ஏறாத லிஃப்டாக இருக்கட்டும்.